வாயில் ஒரு கிராம்பு

இருபது வருஷமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சரிடம் போய், "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் என் வேலையே அதுதான். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

அதற்கு முன் நானும் ஆரியசாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புதான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பு முடித்தும் வாசிக்க வராத பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, ஒரு டீச்சர் ஒரு பிள்ளை என்று தினம் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்றைக் கற்றுவர என்னை வெளியூருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும், நகரத்திலும் தெற்கே பாறசாலை வரைக்கும் இருந்த தமிழ்ப் பள்ளிகளிலிருந்து அனுபவசாலிகளாகப் பொறுக்கியெடுத்து அவர்களுக்கு இதைப் பழக்கச் சொன்னார்கள். அவர்கள் தங்கள் பள்ளிகளில் இதை முன்நின்று நடத்த வேண்டும், பிறகு மற்றவர்களையும் பழக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த சின்னப் பெண்களை எடுக்கக் கூடாதா, சொன்னபடி கேட்பார்களே என்று பலர் கேட்டார்கள். கேட்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரு பிள்ளை ஒரு வரியின் நடுவில் ஏன் நின்றுவிட்டது என்று பார்த்தவுடன் பிடிக்க, எத்தனையோ பிள்ளைகள் நின்றதைப் பார்த்த கண் வேண்டும். அந்தக் கண் அனுபவசாலிகளிடம் இருந்தது. கூடவே ஒரு வாயும் இருந்தது.

அந்த வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பறைகளில் டீச்சர் ஒரு சொல்லைப் பாதியில் விட்டு இழுப்பார், பிள்ளைகள் மீதியைக் கத்துவார்கள். "மரத்தில் இருப்பது குர...?" என்பார். "ங்கு" என்று கூரை ஓடு அதிரும். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் எல்லாருக்கும் மேலே சத்தம் போட்டு 'ங்கு' சொல்லும். அதன் கண் புத்தகத்தில் இருக்காது, டீச்சரின் உதட்டில் இருக்கும். புத்தியுள்ள பிள்ளையாக இருந்தால் இப்படியே இரண்டு மூன்று வகுப்பு தாண்டிவிடலாம். பிறகுதான் மாட்டிக்கொள்ளும்.

வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் வலியசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியின் ஹாலில் எல்லாரும் கூடுவோம். கேரளத்துப் பழைய பள்ளிக்கூடங்களில் ஒரே நீள ஹாலை மூங்கில் தட்டி வைத்து வகுப்பு வகுப்பாகத் தடுத்திருப்பார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சர் ஒரு பிள்ளைக்குப் பாடம் எடுப்பார். இந்தப் பக்கம் நாங்கள் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு, பிள்ளை என்ன செய்கிறது, டீச்சர் ஏன் அப்படிச் செய்தார் என்று குசுகுசுவென்று பேசிக்கொள்வோம். வெளிநாட்டில் இதற்கென்று ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி வைப்பார்களாம். எங்களுக்குத் தட்டியே தாராளம். ஒரே ஒரு சட்டம்தான். பிள்ளை நின்றால் அது தானாகத் தேடட்டும். எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

முதல் பாடம் அந்தப் பள்ளியின் மூத்த டீச்சருடையது. வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். சாலைக் கடைவீதியில் பாதி முதலாளிகளுக்கு அ, ஆ எழுதிக்கொடுத்த கை அவருடையது. அவரைவிடச் சின்னவளான நான் அவருக்குப் பயிற்சி கொடுப்பதை அவர் ஒரு தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். "உங்க வகுப்பிலேயே வாசிக்க ரொம்பத் திணறும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று நான் சொல்லியிருந்தேன். இரட்டைப் பின்னலும் பவுடரும் கனகாம்பரமுமாக ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்.

எதைக் காட்டினாலும் அந்தப் பெண், "தெரியாது டீச்சர்" என்றது. அழகாகத் தலையை வேறு ஆட்டியது. சரி, நான் வாசிக்கிறேன் கேள் என்று மூத்த டீச்சர் ஆரம்பித்தார். தட்டிக்குப் பின்னால் ஆள் இருக்கிற பதற்றம். ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டார். அந்தப் பெண்ணால் பொறுக்க முடியவில்லை.

"டீச்சரே, நடுவுல ஒரு வரி விட்டுப்போச்சு" என்றது. சொல்லிவிட்டு, விட்டுப்போன வரியை விரல் வைத்துக் கடகடவென்று வாசித்தும் காட்டியது. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டது.

தட்டிக்கு இந்தப் பக்கம் பாறசாலையிலிருந்து வந்த சார் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். நானும் சிரித்துவிட்டேன். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளையாம் அது. ஒன்றும் தெரியாத மாதிரி இரு என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்.

பாடம் முடிந்து வந்த மூத்த டீச்சருக்குக் கூச்சமே இல்லை. "பின்னே என்ன, நாலு ஸ்கூல்லேர்ந்து வந்திருக்கா. அவா முன்னாடி ஒண்ணுமே அறியாத கொழந்தையைக் கொண்டு நிறுத்தறதா? ஸ்கூலுக்கு மானம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?" என்றார்.

"அந்தக் கொழந்தை எங்கே டீச்சரே?" என்று கேட்டேன். அவர் கண் ஜன்னல் வழியாகக் கஞ்சிப்புரைப் பக்கம் போயிற்று.

பள்ளியில் மத்தியானக் கஞ்சியும் பயறும் வேகிற கொட்டகைதான் கஞ்சிப்புரை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மேலதிகாரி வருகிறார் என்று தெரிந்தால், வாசிக்க வராத பிள்ளைகளைப் பயறு பொறுக்க அங்கே அனுப்பிவிடுவது எங்கள் பள்ளிகளில் ஒரு வழக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நாங்கள் கஞ்சியில் மறைத்தோம். அன்றைக்கு யாரும் யாரையும் அனுப்பவில்லை. ஆனாலும் அங்கே முறத்தில் பயறைப் பரத்திவைத்துக்கொண்டு ஒரு சின்னப்பெண் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் வகுப்பு. வாசலில் பழக்கமில்லாத ஆட்களைக் கண்டதும் தானே எழுந்து வந்துவிட்டதாகச் சமையல் செய்கிற அம்மா சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இதுக்கு எத்தனை சொல்லிக்கொடுத்தாலும் ஏறாதாக்கும். சட்டியிலே இருந்தாத்தானே அகப்பையிலே வரும்?" என்றார் மூத்த டீச்சர், என் பின்னாலேயே வந்து நின்று.

"சட்டியைத் திறந்து பார்த்தீங்களா டீச்சரே?" என்றேன். எனக்கு நாக்கில் சனி, சின்ன வயதிலிருந்தே. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார். பயிற்சிக்கு இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

அந்த வாரமே, பயறு பொறுக்கிய பெண்ணின் அம்மா பள்ளிக்கு வந்தாள். குமரி மாவட்டத்துக்காரி, தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கி விரிப்பு துவைக்கிற வேலை. மகளுடைய பேரைப் பள்ளிப் பதிவிலிருந்து வெட்டித் தரச் சொல்லிக் கேட்க வந்திருந்தாள். நாகர்கோவிலில் அவளுடைய அண்ணன் மனைவிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

"படிப்பு ஏறுதுன்னா நான் ஏன் டீச்சர் அனுப்பப் போறேன்? ரெண்டு வருசமா வாறா, போறா. ஒரு எழுத்து தெரியாது. மலையாளத்துல சேத்திருந்தாலாவது பஸ் போர்டு வாசிப்பா. இங்க வந்து பயறு பொறுக்குததுக்கு மாமன் வீட்டுல பிள்ளையத் தூக்கிக்கிட்டு இருக்கலாம்லா?"

பயறு பொறுக்குவது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் என்ன வாதாட? கிறிஸ்துமஸ் லீவு விடுகிற வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நான் யாரிடமும் லேசில் கெஞ்சுகிறவள் இல்லை. அவள் யோசித்தாள். "சரி. லீவு விடுதன்னைக்கு வருவேன். நாலு எழுத்துக் கூட்டி வாசிச்சான்னா இருக்கட்டு. இல்லன்னா அன்னைக்கே நாரோயிலுக்கு பஸ் ஏத்திருவேன்" என்றாள்.

அவள் போன பிறகு பார்த்தால் மூத்த டீச்சர் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

இந்த முறையில் முதல் சில நாள் பாடமே கிடையாது. பிள்ளைக்கு என்ன தெரியாது என்பதை எல்லாரும் சொல்வார்கள், என்ன தெரியும் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மூத்த டீச்சருக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. "தெரிஞ்சதைத் தேடறதுக்கா கவர்ன்மென்ட் சம்பளம் தர்றது?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் தேடினார். எழுத்து சொற்பம்தான் தெரிந்தது, அதிலும் சில மலையாள எழுத்து. ஆனால் பேச்சு வெள்ளம் மாதிரி வந்தது. கஞ்சிப்புரையில் ஒரு பூனை, அது யார் இலையில் வாய் வைத்தது, அடுப்பு எப்போது புகையும், எந்தச் சாக்குப் பயறில் கல் அதிகம், எல்லாம் கோர்வையாகச் சொன்னது. வகுப்பில் வாயே திறக்காத பெண் அது என்று மூத்த டீச்சர் எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது.

அந்தப் பேச்சிலிருந்தே ஆரம்பித்தோம். "பயறில் கல் கிடந்தது" என்று பெண் சொன்னதை ஒரு காகிதப் பட்டையில் இருவரும் சேர்ந்து எழுதுவார்கள். கத்தரிக்கோலால் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப்போட்டால், பெண் மறுபடி அடுக்க வேண்டும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூத்த டீச்சர் பூனையைப் பற்றிச் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதித் தைத்தார். அவர் வரைந்த பூனை பார்க்க ஆட்டைப் போல இருந்தது. அதைச் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஓணம் முடிந்து, மழையும் ஓய்ந்து வந்த ஒரு வாரம், தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. பெண் ஒரு சொல்லில் நின்றது. புத்தகத்தைப் பார்க்கவில்லை, டீச்சரின் உதட்டைப் பார்த்தது. இத்தனை வருஷப் பழக்கம் விடுமா? டீச்சரின் உதடு பாதி குவிந்துவிட்டது. பெண் அதைப் பிடித்துக்கொண்டு "பூனை" என்றது. அடுத்த சொல்லுக்கு டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்போது இந்தப் பக்கத்திலிருந்து பாறசாலை சார், தன்னை அறியாமல், கணீரென்று "அடுப்பு" என்றார்.

பெண் தட்டியைப் பார்த்துச் சிரித்தது. அங்கேயும் வாய் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துபோயிற்று. அன்று முழுக்க அது நிற்கும்போதெல்லாம் ஒரு தடவை டீச்சர் உதட்டையும் ஒரு தடவை தட்டியையும் பார்த்தது. இத்தனை வாரமும் வீணாகிவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பாறசாலை சாரை நான் நன்றாகத் திட்டினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "கோபப்படாதீங்க டீச்சரே. அந்தப் பிள்ளை அப்படி நிக்கும்போ நெஞ்சு பதறுது. நமக்குச் சும்மா நிக்க முடியாது. வாயில எதையாவது போட்டாத்தான் அடங்கும்" என்றார்.

அடுத்த வாரம் மூத்த டீச்சர் சாலைக் கடைவீதியிலிருந்து ஒரு பொட்டலம் கிராம்பு வாங்கிவந்தார். பாடம் தொடங்கும் முன் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கடிக்கக் கூடாது, உதட்டுக்குள் அடக்கிவைக்க வேண்டும். வாய் திறந்தால் விழுந்துவிடும். அவரும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பிள்ளையோடு பேச வேண்டிய நேரம் கன்னத்தில் ஒதுக்கிப் பேசினார், பிள்ளை வாசிக்கிற நேரம் உதட்டுக்குக் கொண்டுவந்தார். என்னுடைய வெளியூர்ப் படிப்பில் இப்படி ஒரு பாடம் இருக்கவில்லை. ஆனால் இதைப்போல் வேலை செய்தது வேறொன்றும் இல்லை. இறுக்கி மூடின உதட்டில் பார்க்க ஒன்றும் இல்லாததால், பெண்ணின் கண் மெல்ல மெல்லப் புத்தகத்துக்கு இறங்கியது. நின்றால், வரியின் முதலுக்குப் போய் மறுபடி ஓடிவந்து தாவப் பார்க்கும். சில நாள் தாவும், சில நாள் விழும். லீவு நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் குறைந்தது. மூத்த டீச்சர் சனிக்கிழமையும் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்.

லீவு விடுகிற நாளும் எங்கள் கூட்டம் கூடும் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது. பெண்ணின் அம்மா சொன்னபடி வந்தாள், தோளில் ஒரு துணிப்பையோடு. வாசலில் பழக்கமில்லாத செருப்புகளைப் பார்த்தவள் நேரே கஞ்சிப்புரைக்குப் போயிருக்கிறாள். வெளியாட்கள் வந்தால் மகள் எங்கே இருப்பாள் என்று அவளுக்குத் தெரியாதா? "இங்க இல்ல, உள்ள இருக்கா" என்று சமையல் அம்மா சொன்னதை அவள் நம்பவில்லையாம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஹாலுக்கு வந்தாள்.

முந்தின நாள் அந்தப் பெண் ரொம்பத் தடுமாறியிருந்தது. வேறு எந்த நாளாவது வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு. வேறு வழியில்லாமல் அவளைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிவந்தேன். எல்லாரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். பாறசாலை சார் அவள் கையிலும் ஒரு கிராம்பை வைத்தார். எல்லாரையும் பார்த்துவிட்டு அவளும் அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

பெண் பூனைப் புத்தகத்தை விரல் வைத்து வாசித்தது. ஓரிடத்தில் நின்று, திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டது. அம்மா இடுக்கில் கண்ணை வைத்தபடி நெடுநேரம் நின்றாள். பிறகு கிராம்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் காதில் சொன்னாள். "இது கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனதுல்லா டீச்சர்? சினிமாப் பாட்டும் இவ முழுசாச் சொல்லுவா."

நியாயமான சந்தேகம்தான். வாசிக்கத் தெரியாத தாய்க்கு அதை வேறு எப்படி நிச்சயப்படுத்திக்கொள்ள முடியும்? "நீங்களே எதையாவது குடுங்க" என்றேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். தோளிலிருந்த பையைக் கழற்றி நீட்டினாள்.

ஏதோ மளிகைக் கடையில் தீபாவளிக்குக் கொடுத்த மஞ்சள் பை. சிவப்பில் அச்சடித்திருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு போய் மேசையில் பெண்ணின் முன்னால் வைத்துவிட்டுத் தட்டிக்குப் பின்னால் வந்து நின்றேன். பையின் வாயில் பெண்ணுடைய சிவப்புப் பாவாடை ஒன்றின் ஓரம் தெரிந்தது. பெண் பாவாடையைப் பார்த்தது. அந்தப் பையில் என்ன இருக்கிறது, எங்கே போகிறது என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

"இது எங்க பை" என்றது.

மூத்த டீச்சர் தலையை மட்டும் அசைத்தார். உதடு இறுகி மூடியிருந்தது. பெண் அச்செழுத்தில் விரலை வைத்தது.

"ம... ளி... கை. மளிகை." விரல் நகர்ந்தது. "மொ... மொத். மொத்த." பிறகு நின்றது.

நிமிர்ந்து டீச்சரின் உதட்டைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. தட்டியைப் பார்த்தது. தட்டிக்குப் பின்னால் எத்தனை வருஷ அனுபவம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று அதற்குத் தெரியாது. ஒரு சொல்தான். எங்களில் யார் சொல்லியிருந்தாலும் அந்த நிமிஷத்துத் தவிப்பு தீர்ந்திருக்கும். தெருவில் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. பாறசாலை சார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெண் விரலை எடுத்து மறுபடி முதலில் வைத்தது. "மளிகை மொத்த வி... வியா..." என்று போய், ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, "வியாபாரம்" என்றது. "மளிகை மொத்த வியாபாரம்." யாரும் கேட்காமலே கீழ்வரிக்கும் விரல் போயிற்று. "ஆரிய... ஆரியசாலை. அம்மா, ஆரியசாலை." அம்மா தட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறாள் என்று எப்போது கண்டுபிடித்ததோ தெரியவில்லை.

கடுக்கென்று ஒரு சத்தம். மூத்த டீச்சர் கிராம்பைக் கடித்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "காரம்" என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டார். அந்த ஹாலில் கிராம்பு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காரமாக இருந்தது. எனக்கும்தான்.

அம்மா சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். மகளைத் தொடவில்லை, தூக்கவில்லை. பெண் விரல் வைத்த இடத்தில் தன் விரலை வைத்து, அந்தச் சிவப்பு எழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். இத்தனை நாள் தோளில் தொங்கிய பையில் ஆரியசாலை என்று எழுதியிருந்தது அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு வெளியே தெரிந்த பாவாடை ஓரத்தைப் பைக்குள் அழுத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்ப நான் இதை வீட்டுல கொண்டு வச்சிட்டு வேலைக்குப் போறேன் டீச்சர்" என்றாள். "நேரமாச்சு."